பாடாத பலகை

வேனை எடுக்க பேங்க் ஆள் வருவதற்கு முந்தின இரவு
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
பின் சீட்டுக்கு அடியிலிருந்து
ஊஃபரை மட்டும் கழற்றி வந்தேன்.
பன்னிரண்டு அங்குலம், எட்டு ஸ்க்ரூ.
ஏலப் பட்டியலில் அதற்குப் பெயர் இல்லை.

ஒரு வருஷம் அரிசி டிரம்மின் மேல்
கவிழ்ந்து கிடந்தது.
பெட்டி இல்லாத ஊஃபர்
முன்னால் தள்ளும் காற்றை
பின்னால் தானே தின்றுவிடும்,
சொன்ன கையோடு
இல்லை என்று மறுக்கிறவனைப் போல.

கோத்தகிரியில் மரத்துக்கா பஞ்சம்?
எஸ்டேட்டில் வெட்டிப்போட்ட சில்வர் ஓக்கை
விரல் மடக்கித் தட்டினேன். ணங்.
நல்ல குரல். அதுதான் கோளாறு.
ஊஃபர் பாடும்போது பெட்டியும் சேர்ந்து பாடினால்
கல்யாண மண்டபத்தில்
மைக்கைப் பிடுங்கிய மாமன் கதைதான்.

கற்பூர மரம் காயக் காய முறுக்கிக்கொள்ளும்.
பாகம் பிரித்த மறுநாள் அண்ணன் தம்பி போல
ஒரு மூலை வடக்கே, ஒரு மூலை தெற்கே.
சீகை அடுப்புக்கு.
தேக்குக்கு விலை கேட்டேன்;
கேட்டுவிட்டு ஒரு டீ குடித்தேன்.

எம்.டி.எஃப் போடுங்க என்றார்
ப்ளைவுட் கடை சுல்பிகர்.
தட்டிக் காட்டினார்: தொப்.
நரம்பு இல்லை, கணு இல்லை,
எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே குணம்.
ஒரு துண்டை ஓசியில் வாங்கி
ஜன்னலோரம் வைத்தேன்.
ஆடி மாதம். உப்பு, ஜாடிக்குள்ளேயே கசிகிற ஊர்.
பதினோராம் நாள்
டீயில் நனைத்த வர்க்கியாய்
ஓரம் உப்பி உதிர்ந்தது.

கடைசியில் மேட்டுப்பாளையம் இறங்கினேன்.
பதினெட்டு எம்.எம். ப்ளைவுட்,
வெந்நீரிலும் விட்டுப் பிரியாத பசை.
அடுக்குகளை எண்ணினேன், பதின்மூன்று.
ஒவ்வொன்றும் அடுத்ததற்குக் குறுக்கே படுத்திருக்கிறது;
ஒன்று நீள நினைத்தால் மற்றது விடாது.
வெட்டுமுகத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன்.
உள்ளே பொந்து இருந்தால்
அங்கே ஒரு கிரீச் குடியேறிவிடும்.

ஆறு துண்டுக்கும் லக்கேஜ் போட்டார் கண்டக்டர்.
"கட்டிலா?"
"இல்லைங்க. காத்தை அடைக்க."
ஒவ்வொரு கொண்டை ஊசியிலும்
பலகை என் முழங்காலில் சாய்ந்தது.
எந்த வளைவில் எந்த கியர் என்று
இடது கால் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தது.

ஃபெவிக்கால், ஸ்க்ரூ, நடுவே ஒரு குறுக்குச் சட்டம்,
உள்ளே ஒரு தலையணையின் பஞ்சு முழுவதும்.
கூம்பை மெல்ல அழுத்திக்கொண்டே
மூட்டுகளில் ஊதுபத்தியைக் காட்டினேன்.
புகை ஒரு இடத்திலும் அசையவில்லை.

ஐப்பசி. மூன்று நாளாக விடாத மழை.
எட்டரை மணிக்குப் போட்டேன்.
பெட்டியின் மேல் உள்ளங்கை வைத்தேன்.
நடுக்கம் இல்லை. கல்லைத் தொட்ட மாதிரி.
வாங்கிய அடியை எல்லாம்
தரைக்குக் கொடுத்துவிட்டு
சும்மா இருந்தது.

என் தரை, ஜோகி அண்ணன் வீட்டுக் கூரை மட்டம்.
கீழே கதவு திறந்தது. டார்ச்.
அவர், மாசி அக்கா, மகள் பவித்ரா.
பிளாஸ்டிக் கவரில் ரேஷன் கார்டும் மார்க்‌ஷீட்டும்.
பசுவை அவிழ்த்துவிட்டிருந்தார்கள்.
என் ஜன்னலை யாரும் பார்க்கவில்லை.
வெளிச்சம் மேலே, சரிவில்,
மரம் மரமாகத் தடவியது.
எங்கள் ஊரில்
காதுக்கு முன்னால் அடிவயிற்றுக்குக் கேட்கிற சத்தத்துக்கு
ஒரே அர்த்தம்தான்.

நிறுத்தினேன்.
நிறுத்திய பிறகும் அவர்கள் நகரவில்லை.
மழையில் இறங்கிப் போய்ச் சொன்னேன்,
"நான்தாண்ணா."

பசுவைப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆனது,
நான்கு பேருக்கு.
தலை துவட்டிக்கொண்டே மேலே வந்த மாசி அக்கா
பெட்டியை விரல் மடக்கித் தட்டினார்.
மறுபடி தட்டினார்.
"இதுவா? இதுல சத்தமே இல்லையே."

தை பிறக்கட்டும் என்றார் ஜோகி அண்ணன்,
அப்போதும் ஒரு போன் பண்ணிவிட்டுப் போடு.

இப்போது அரிசி டிரம்
அதன் மேல் நிற்கிறது.