செவ்வாய், எட்டரையிலிருந்து ஒன்பது வரை

டொக்டரின் ரெலிபோன்
வாரத்தில் அரை மணித்தியாலம்தான் திறந்திருக்கும்.
அந்நேரம் நான் வேலையில்.
பேக்கரியின் பின்கதவடியில், மா மூட்டைகளுக்கு நடுவே
போனைக் காதில் வைத்துப்
பியானோ கேட்டுக்கொண்டு நிற்பேன்.
ஒன்பதுக்குப் பியானோ நிற்கும்.
அடுத்த செவ்வாய்.

அப்படிப் பதினொரு செவ்வாய்.
இடையில் இரண்டை மறந்தும் போனேன்.
சுபோதினிக்குச் சொல்லவில்லை.

பன்னிரண்டாவதில் ஒரு குரல்:
அவசரமா?
அவசரம்தான்.
தன்னையோ பிறரையோ காயப்படுத்துகிறானா?
இல்லை என்றேன்.
உண்மை சொன்னதற்குக் கிடைத்தது பதினான்கு மாதம்.
இப்போதும் இரவில் நினைப்பேன்,
ஓம் என்று ஒரு சொல்
சொல்லியிருந்தால்.

அந்தப் பதினான்கு மாதத்தில்
யதுசனுக்குச் சப்பாத்து இரண்டு அளவு கூடிற்று.
மூன்று குடை தொலைந்தது, ஒரு புத்தகப்பை,
ஒரு கையுறை, எப்போதும் இடக்கைதான்.
திருமதி ப்ரோக்மன் அவன் மேசையைச்
சுவரைப் பார்க்கத் திருப்பினார்.
அவன் சுவரின் வெடிப்பில் ஒரு ஆறு கண்டுபிடித்து
அதற்குப் பெயரும் வைத்தான்.

எங்கட ஆக்கள் வந்தால்
"நல்ல துடியான பிள்ளை" என்பார்கள்.
சொல்லிக்கொண்டே
தேத்தண்ணிக் கோப்பையை மேசையின் நடுவுக்கு நகர்த்துவார்கள்.
ஒருவர் சீனியை நிறுத்தச் சொன்னார்.
ஒருவர் இரண்டு அடி போடச் சொன்னார்.
போட்டேன், ஒருமுறை.
அழுது முடிக்க முன்பே
ஜன்னலில் ஒரு பூச்சியைக் காட்ட
என்னைத்தான் கூப்பிட்டான்.

பிறகு படிவம் வந்தது. அறுபது கேள்வி.
ஒருபோதுமில்லை, சிலவேளை, அடிக்கடி, மிக அடிக்கடி.
உள்ளே மோட்டார் ஓடுவதுபோல் இருப்பானா?
நான் வாசித்துச் சொல்ல
மூன்றாம் கட்டத்துக்கும் நாலாம் கட்டத்துக்கும் நடுவில்
சுபோதினியின் பேனை நின்றது, நெடுநேரம்.
கடைசியில் ஓரத்தில் தமிழில் எழுதினாள்:
நித்திரையில் இல்லை.

வூப்பர்டாலில் ரயில்
ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகும்.
ஏழு தரிப்பிடம், பத்தொன்பது கேள்வி.
இது விழுந்தால் ஆறு எங்கே போகும், அப்பா?
மழை. எனக்கு எதிரே இருந்த கிழவி
பதில் தெரிந்தவள்போல் சிரித்தாள்.

டொக்டர் ஃபைலைத் திறக்கவில்லை.
சுழலும் நாற்காலியை அவனிடம் தந்துவிட்டு
ஸ்டூலில் இருந்தார். அவன் சுற்றினான். விட்டார்.
வகுப்பில் எப்படி இருக்கும் என்று கேட்டார்.
சுற்றியபடியே சொன்னான்:
டீச்சரின் குரலும் ஹீட்டரின் குரலும்
ஒரே உயரம். எதைக் கேட்பது?
இதைச் சுபோதினிக்குத் தமிழில் சொன்னேன்.
கைப்பையின் சிப்பை இழுத்து மூடினாள்,
ஏற்கெனவே மூடியிருந்த சிப்பை.

டொக்டர் எழுதுவதை நிறுத்தினார்.
பார்வை யதுசனில் இல்லை.
என் வலது முழங்காலில்.
அது துள்ளிக்கொண்டிருந்தது.
வாங்கில் மேல் ஏற்றி நிற்பாட்டிய காலத்திலிருந்தே
துள்ளுகிறது.
இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தேன்.
குடும்பத்தில் வேறு யாருக்காவது? என்றார்.
மொழிபெயர்க்க வேண்டிய கேள்வி.
பெயர்க்கவில்லை.
சுபோதினிக்கு டொச் அவ்வளவு வராது,
ஆனாலும் அவளும் என் முழங்காலைத்தான் பார்த்தாள்.

அடுத்த சந்திப்பு ஆறு கிழமையில்.
மூன்றாம் தரிப்பிடத்தில்
கை வெறுமையாக இருப்பதை உணர்ந்தேன்.
ஃபைல். பதினான்கு மாதக் கடிதங்கள் முழுக்க.
மூவரும் இறங்கினோம்.
சுபோதினி ஏசுவாள் என்று நின்றேன்.
ஏசவில்லை.
"நானில்லை, அப்பா" என்றான் யதுசன்,
மழை நனைத்த முகமெல்லாம் வெளிச்சம்,
"இந்தமுறை நீங்கள்!"