என் முறை

கண்டனூர் வீட்டின் மாடியில்
பினாங்கிலிருந்து வந்த கேம் பெட்டிக்கு
தட்டைக் கால் பிளக். சுவரிலோ வட்டத் துளைகள்.
அடாப்டரைத் தீக்குச்சி செருகி இறுக்கியிருக்கிறான் தேனப்பன்.
நடக்கக்கூட விடுவதில்லை, ஆடினால் அணைந்துவிடுமாம்.

கீழே வளவில்
தேவகோட்டை வக்கீல் பாகப் பத்திரம் வாசிக்கிறார்.
எங்கள் அப்பாக்கள் இருவரும்
எதிரெதிர்த் தூணில் சாய்ந்து
ஒருவரை ஒருவர் ‘அவுக’ என்கிறார்கள்.

ஆளுக்கு ஆறு பூதம்.
பெயர் வைக்கச் சொன்னது ஆட்டம்,
சொந்தக்காரர்களை வைத்தோம்.
அவனுடைய கல் ஆமை முத்துக்கருப்பன் சித்தப்பா:
எத்தனை அடித்தாலும் ஓட்டுக்குள் போய்விடும்,
வட்டி போல ஏறும் உயிர்.
என் நச்சுத் தவளை பொன்னழகி அத்தை.
ஒரு சொட்டுப் போதும்.
அப்புறம் அவள் சும்மா இருந்தாலே
சுற்றுக்குச் சுற்று எதிராளி கரைவான்.

ஒரே திரை. ஆகவே ஒப்பந்தம்:
ஒருவர் அடியைத் தேர்ந்தெடுக்கையில்
மற்றவர் சுவரைப் பார்க்க வேண்டும்.
சுவரில் பெல்ஜியம் கண்ணாடி இருப்பதை
இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

நாலாவது ஆட்டத்தில்தான் கண்டுபிடித்தேன்.
நான் நெருப்பை எடுக்கும்போதெல்லாம்
அவன் நீர்ப்பூதத்தை இறக்குகிறான்.
அதிலிருந்து
நெருப்பின் மேல் அம்புக்குறியை நிறுத்தி
வெகுநேரம் யோசிப்பதுபோல் உட்கார்ந்திருப்பேன்.
கண்ணாடியில் அவன் கண் வந்து, பார்த்து, போகும்.
போனதும் இரண்டு தட்டு, கீழே.
மின்னல்.
நீர்ப்பூதம் கருகிச் சாய,
‘எப்படிடீ?’ என்பான்.
சீப்புச் சீடைத் தூளைக்
கன்ட்ரோலரிலிருந்து ஊதியபடி
‘நேரம்’ என்பேன்.

இப்போது அவனிடம் ஆமை மட்டும். என்னிடம் தவளை மட்டும்.
இருபத்தாறு. பதினொன்று.

‘உமையா, கையெழுத்துப் போட வா.’

முறை வைத்து ஆடும் ஆட்டம்.
நான் அழுத்தும்வரை
யாரும் யாரையும் அடிக்கப் போவதில்லை,
மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் இரண்டும்.
அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன்.

மகள்களுக்கும் கோடு போட்டிருந்தார்கள்,
ஓரத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.
பக்கத்தைப் புரட்டினேன்.
ஒரு வாரமாய் அப்பா சண்டை போட்ட இரண்டாங்கட்டு
பெரியப்பா பெயரில்.
‘போகட்டும், விட்டுக்குடுத்துட்டேன்’ என்று
துண்டால் முகம் துடைத்தார் அப்பா.
அட்டவணையின் அடியில், பொடி எழுத்தில்,
காரைக்குடி ரோட்டு மேல் பன்னிரண்டு சென்ட்
எங்கள் பெயரில்.
அந்த வரியைப் பற்றி ஒருவரும் ஒரு வாரமாய் வாய் திறக்கவில்லை.

எனக்கு மட்டும் தெரிந்த தந்திரம்
என்று நினைத்திருந்தேன்.

வக்கீல் பேனா மூடியைக் கழற்றி நீட்டினார்.
‘படிச்சுட்டுப் போடுறேன்.’
அப்பா என்னைப் பார்த்தார்.
பெரியப்பாவும் பார்த்தார், வேறு மாதிரி.

மேலே வந்தபோது
அடாப்டரைக் குதிகாலால் அழுத்திப் பிடித்திருந்தான் தேனப்பன்.
கண்ணாடியின் மேல் அவனுடைய துண்டு.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தவளையின் தொண்டை உப்பி அடங்குகிறது, உப்பி அடங்குகிறது.
கீழே யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள்.