இடது வரிசை

எந்திரம் அறுத்துப் போன பிறகும்
இடப்பக்கம் ஒரு வரிசைக் கரும்பு
நின்றுகொண்டே இருந்தது.
முதல் நாள் சிரித்தோம்.
மூன்றாம் நாள் கெல்வின் இறங்கி வந்து
பிளேடைத் திட்டினான்.
நான்காம் நாள் வேலிக் கம்பத்தை இடித்தான்.
அதுவும் இடப்பக்கக் கம்பம்.

பண்டபெர்க்கிலிருந்து பிரிஸ்பேன் வரை
நான்தான் ஓட்டினேன்.
பதினொரு வருடம் முன்பு அவன் தோளிலிருந்து
ஒரு மச்சத்தை வெட்டினார்கள்.
பட்டாணி அளவு, ஐந்து தையல்.
வேரோடு போச்சு என்றார்கள்.
அன்று மாலையே மீன் பிடிக்கப் போனான்
என் மச்சக்காரன்.

டாக்டர் ஹோல்ம் திரையைத் திருப்பினார்.
ஏழு புள்ளிகள்.
பின்மண்டையில் வலப்பக்கம் இருந்த பெரியதில்
ரத்தம் கசிந்திருந்தது.
"கண்ணில் பழுதில்லை.
கண் அனுப்புவதை வாங்கிக்கொள்ள
அங்கே ஆளில்லை."
அப்படியானால் இது மூளைப் புற்றா என்றேன்.
"இல்லை, தோலின் புற்றுதான்.
குடிபோன ஊர்தான் வேறு."

பெரியதை வெட்டி எடுத்தார்கள்.
வெட்டிய குழிக்கும் மிச்சம் ஆறுக்கும்
குறிபார்த்துக் கதிர்.
தலை மயிரிழையும் அசையக் கூடாதென்று
வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை
முகத்தில் அழுத்தி முகமூடி செய்தார்கள்.
பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை
இரண்டு மருந்து, சொட்டுச் சொட்டாய்.
அவை புற்றைக் கொல்லாதாம்,
ரத்தத்தில் தூங்கும் காவலை எழுப்புமாம்.
எழுந்த காவல்
முதலில் அவன் குடலைத்தான் அடித்தது.
ஒன்பது நாள் கழிவறையே கதி.
அதை அடக்க ஸ்டீராய்டு.
நள்ளிரவு இரண்டு மணிக்கு
ஆறு முட்டை பொரித்துத் தின்றுவிட்டு
கொட்டகையைப் பெருக்கினான்.

மார்ச்சில் ஒரு புள்ளி வீங்கியது.
வளர்கிறதா, கதிர் சுட்ட புண்ணா,
படத்தைப் பார்த்து இப்போதே சொல்ல முடியாது என்றார்.
அந்த ஆறு வாரத்தைப் பற்றி
நான் எழுதப் போவதில்லை.

அப்புறம் அவன் புருவம் வெளுத்தது.
தோளில் பழைய தழும்பைச் சுற்றி
பால் சிந்தியது போல் ஒரு திட்டு.
பதறிப்போய்ப் போன் செய்தேன்.
டாக்டர் குரலில் முதல்முறையாக ஒரு துள்ளல்:
"காவல் நிறத்தையே துரத்துகிறது, நோரீன்.
சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நல்லது."

முகமூடி கொட்டகை ஆணியில் தொங்குகிறது.
மூக்குக் குழிக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது.
கலைக்க விடமாட்டேன் என்கிறான்.

வீங்கிய புள்ளி வற்றிவிட்டது.
அடுத்த ஸ்கேன் செப்டம்பரில்.
எந்திரத்தை இப்போது அவன் தம்பி ஓட்டுகிறான்.

ராத்திரிச் சாப்பாட்டில்
தட்டின் இடப்பாதியில் உருளைக்கிழங்கு
தொடாமலே கிடக்கும்.
ஒன்றும் சொல்லாமல் தட்டைத் திருப்பி வைப்பேன்.
"அட, இன்னும் இருக்கே!" என்பான்,
தினமும் புதிதாய்
லாபம் கண்டவன் போல.