தீர்த்தத் தொட்டி

சனிக்கிழமை நாலு மணிக்கு
மறைக்கல்வி அறையைத் திறந்துவிடுவது நான்.
பினாங்கிலிருந்து வருவார் பேராசிரியர் தொம்மை,
மீன்கூடைக்குள் துண்டு சுற்றிய நுண்ணோக்கியோடு.
பாடாங் செராய்ப் பிள்ளைகள் பதினோரு பேர்,
பாதிப் பேர் பீசாங் கோரேங்குக்காக வருகிறவர்கள்.

அன்றைக்கு இரண்டு கண்ணாடிச் சில்லு.
ஒன்றில் பால்மரத்துப் பால், தண்ணீர் விட்டு, ஒரு சொட்டு.
மற்றதற்கு ஜோவிட்டா ஓடிப்போய்
வாசல் தீர்த்தத் தொட்டியில் தொட்டு வந்தாள்.
யாரும் என்னைக் கேட்கவில்லை.

"சார், தீர்த்தத்துல பூச்சி!"
அறையே எழுந்து வரிசை கட்டியது.
தொட்டியைக் கழுவுவது என் வேலை.
முட்டிவலி. மூன்று வாரம்.
துடைப்பத்தைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அவர் சிரிக்கவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை.
"பாலுல உள்ள துகளும் ஆடுது, பூச்சியும் ஆடுது.
எது தானா போகுது, எதைத் தண்ணி தள்ளுது?"
கைப்பேசியில் நேரம் பிடிக்கச் சொன்னார்.
தானாகப் போவது
நாலு மடங்கு நேரத்தில் நாலு மடங்கு தூரம் போய்விடுமாம்.
தள்ளப்படுவது,
இந்தப் பக்கம் ஓர் இடி அந்தப் பக்கம் ஓர் இடி,
அதே நேரத்தில் இரண்டு மடங்குதான்.

நான் ஆறாவதோடு நின்றவள்.
கணக்கு மட்டும் வரும்,
பால் நிறுக்கும் கிராணி ஏமாற்ற முடியாத அளவுக்கு.
மேல் பிரிவு, கீழ்ப் பிரிவு, திரும்ப மேல் பிரிவு,
கித்தா செம்பனையாகி, செம்பனை வீடமைப்பாகி,
லயத்தை இடித்த அன்று அக்காள் வீடு,
பிறகு கையுறைத் தொழிற்சாலை,
பிறகு இந்த அறைக்குப் பின்னால் ஒரு கட்டில்.
நாற்பத்தொரு வருடம்.
பிறந்த இடத்திலிருந்து அளந்தால் மூன்று மைல்.
நான் எந்தச் சில்லில் இருக்கிறேன் என்று
பலகையைப் பார்க்காமலே தெரிந்துவிட்டது.

ஆறு மணி. பிள்ளைகள் போனார்கள்.
கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார்.
அதே தொட்டி.
வாலுள்ளது, மயிருள்ளது, உருள்வது,
எல்லாம் அவர் கண்ணால் எண்ணிய தண்ணீர்.
விரலை நனைத்தார்.
நெற்றி, நெஞ்சு, இடத்தோள், வலத்தோள்.
ஒரு சொட்டு சட்டைப் பொத்தானில் தங்கிவிட்டது.

"நாளைக்கே மாத்திடுறேன் சார்."
"கொஞ்சம் விட்டு வைங்க லூர்தக்கா" என்றார்.
"இன்னும் நாலு பேர் பார்க்கலை."