சிக்கல் வரை இருட்டு

வாலிநோக்கத்துக் கரையில் மூக்கை ஊன்றி நிற்கிறது மிதவை.
முதுகில் நீலத் தார்ப்பாய் போர்த்திய மின்மாற்றி,
இருநூற்றுப் பத்து டன்.
ஏத்தம் இன்னும் ஒரு முழம் வேணும் என்கிறார் தண்டல் நெய்னார்.
கம்பெனி ஆட்கள் கைபேசியில் அட்டவணை பார்க்கிறார்கள்.
அவர் தன் கைலியின் நனைந்த விளிம்பைப் பார்க்கிறார்.

அச்சு ஒவ்வொன்றும் கரையேற ஏற
மிதவையின் வயிறு கடலைக் குடிக்க வேண்டும்,
இறங்கிய எடைக்கு ஈடாக.
பம்புக்காரன் ஒரு மடக்குப் பிந்தினாலும்
பலகை எழும்பிவிடும், பாரம் சாயும்.
பதினெட்டு அச்சு.
பீடிகூடப் பற்றவைக்கவில்லை யாரும்.
கடைசிச் சக்கரம் மணலில் பரப்பிய தகட்டைத் தொட்டதும்
மிதவை ஒருமுறை தும்மியது.
அவ்வளவுதான் கடல்.

இனி என் வேலை.
சம்பளச் சீட்டில் நான் 'கம்பி தூக்குபவர்'.
பாரத்தின் உச்சியில், ரப்பர் செருப்போடு,
நுனியில் கவை கட்டிய காய்ந்த மூங்கிலோடு நிற்பேன்.
செத்த கம்பியையும் உயிருள்ளதாக நினைத்துத் தூக்கு என்பது விதி.
ஏழு மீட்டர் உயரத்தில், பொழுது சாயும் நேரம்,
மொட்டைமாடித் தொட்டிகளின் மூடாத வாய்கள் தெரியும்,
சீமைக்கருவேலத்தின் உச்சந்தலை,
அதற்கப்பால் உப்புப் பாத்திகள்.
மணிக்கு நாலு கிலோமீட்டர்.
ஒரு வெள்ளாடு எங்களை முந்திப் போய்
சலித்துத் திரும்பி வந்தது.

முன்னால் ஜீப்பில் லைன்மேன் பூமிராசன்.
ஊர் நெருங்கினால் சுவிட்சை இழுப்பார்,
வால் கடந்ததும் போடுவார்.
கரண்டைக் கொண்டுபோகிறோம்,
போகிற வழியெல்லாம் கரண்ட் இல்லை.
முதல் ஊரில் இதைச் சொல்லிச் சிரித்தார்கள்.
மூன்றாவது ஊரில் கல் வந்தது.

அந்த மூன்றாவது ஊரில்தான் மடைப்பாலம்.
'தாங்கும் எடை' என்ற கட்டத்தில்
பொறியாளர் ஒரு கோடு மட்டும் கிழித்து வைத்திருந்தார்.
குர்ஜந்த் வண்டியை நிறுத்தி, மடைக்குள் குனிந்து நுழைந்து,
டார்ச்சோடு வெகுநேரம் இருந்தார்.
தலைப்பாகை முழுக்கச் சிலந்திவலையோடு வெளியே வந்து
"நை" என்றார்.
மேலே போடுகிற இரும்புப் பாலம் ராம்நாட்டிலிருந்து வரணும்.
நாலு மணி நேரம்.

இருட்டுக்குள்ளிருந்து ஞானசெல்வி வந்தாள்,
கையில் கோடு போட்ட நோட்டு.
"நாப்பது பெட்டி நண்டு குளிரறையில கெடக்கு.
காலையில கம்பெனி வண்டி வரும்.
கெட்டுப்போனா யாரு கணக்குல எழுத?"
மேலாளர் பொதுநலம் என்று தொடங்கினார்.
"இந்த கரண்டு எங்க ஊருக்கா?"
"பொதுவாத்தாம்மா..."
"பொதுவான்னா எவ்வளவு?"

நான் மேலே நின்று கம்பியைப் பார்த்தேன்,
அது அசையாமல் இருப்பதை உறுதிசெய்வது போல.

குர்ஜந்துக்குத் தமிழில் 'முன்னால', 'பின்னால', 'நிறுத்து' மூன்றும் தெரியும்.
நோட்டில் அவள் விரல் தட்டிய இடத்தைப் பார்த்தார்.
எங்கள் ஜெனரேட்டரின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்.
கேபிளைத் தோளில் சுற்றிக்கொண்டு
அவள் பின்னால் நடந்தார்.
கொஞ்ச நேரத்தில் ஊருக்குள் ஓர் எந்திரம் உறுமி,
திக்கி, நிலைத்தது.
இருநூற்றுப் பத்து டன்னும் நாங்களும்
அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே
கொசுக்கடியில் இருட்டில் கிடந்தோம்.

நாலரைக்குப் பாலம் வந்தது.
ஏறினோம். மடையிலிருந்து ஒரே ஒரு செங்கல்
கண்மாய்த் தண்ணீரில் விழுந்தது.
ஜெனரேட்டர் போடும்முன் உருகிய ஐஸுக்கு
ஆயிரத்து நூற்றைம்பது என்று எழுதி
மேலாளரிடம் கையெழுத்து வாங்கினாள் ஞானசெல்வி.
நன்றி எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம்.

கடைசிக் கம்பியைத் தூக்கி வழிவிட்டேன்.
பின்னால் ஒரு டியூப்லைட் இரண்டு முறை யோசித்து எரிந்தது.

சிக்கலுக்கு முந்தைய ஊரில்
எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தன.
பூமிராசன் ஜீப்பை முடுக்கினார்.