நேரே கொடுக்காதீங்க

மூன்று நாளாய் ஆடி மேகம் விலகவில்லை.
கூரையில் சோலார், பெயருக்கு இருக்கிறது.
வேனின் பின்பக்கம், கட்டிலுக்கடியில்,
புது லித்தியம் பேட்டரி
பதினொரு சதவீதத்தில்.
அது ஓட்டும் குட்டி ஃப்ரிட்ஜுக்குள் என் இன்சுலின்,
அரை லிட்டர் பால்,
போச்சம்பள்ளிச் சந்தை எலுமிச்சை.

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை சாலை.
பானெட்டைத் திறந்த திம்மராயன்
ஆல்டர்னேட்டரை விரல் முட்டியால் தட்டினார்
தர்பூசணியைத் தட்டுவதுபோல்.
தடி வயர் ஒன்றைப் பின்னால் இழுத்துவிட்டால் போதாதா என்றேன்.

"நேரே கொடுக்காதீங்க சார்.
பசியோட இருக்கறது கேட்டுக்கிட்டே இருக்கும்.
இதுக்கு இல்லைன்னு சொல்லத் தெரியாது.
சுத்திச் சுத்தியே வெந்துடும்."

ஆகவே, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு இன்வெர்ட்டர்.
அங்கிருந்து, மிக்ஸிக்குப் போடுகிற மாதிரி
மெல்லிய வயர்.
கட்டிலடியில் ஒரு சாதாரண சார்ஜர்:
எவ்வளவு கேட்டாலும்
இருபது ஆம்பியர்தான் ஊற்றும்.

பன்னிரண்டு வோல்ட்டை இருநூற்று முப்பதாக்கி
மறுபடி பதினாலாக்குவதா,
தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை
என்றாள் தேவகுமாரி, ஜன்னலைப் பார்த்து.
ஒகேனக்கல்லில் முந்தாநாள் தொடங்கிய சண்டைக்குப் பின்
என் காதில் படும்படி அவள் பேசிய முதல் வாக்கியம்.

"வழியில கொஞ்சம் சிந்தும்மா.
சிந்துனா சிந்தட்டும்.
ஒண்ணு மட்டும், வண்டி நின்னா இதை அணைச்சிடணும்.
மறந்தா காலையில செல்ஃப் எடுக்காது."

காவேரிப்பட்டணத்தில் பதினாறு.
தருமபுரி பைபாஸில் இருபத்தாறு.
சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்,
யாருக்கும் இல்லை.

தொப்பூர் இறக்கத்துக்கு முன் ஒரு பெட்ரோல் பங்க்.
ஏறி வந்த லாரிகள் இளைப்பாறும் சூட்டு வாசனை.
பின்னால் அவள் தாழ்ந்த குரலில்
புனேயிலிருக்கும் மகளிடம் என்னவோ பேசி
வைத்தாள்.
அரை நிமிடம் இருக்கும்.
என் போன் அடித்தது.

"அப்பா, ஊசி போட்டாச்சா?"

எனக்கும் அவளுக்கும் நடுவே ஏழடி.
"போட்டாச்சுன்னு சொல்லு" என்றேன்
புனேவுக்கு.

நடுராத்திரி தூக்கிவாரிப் போட்டது: சுவிட்ச்!
இருட்டில் தடவித் தடவி முன்சீட்டுக்குப் போனால்
அணைந்திருக்கிறது.
இன்வெர்ட்டரின் தகரம் தொட்டுப் பார்த்தேன்,
எப்போதோ ஆறிவிட்டது.

திரும்பி வந்து படுத்தேன்.
ஃப்ரிட்ஜ் ஒருமுறை உறுமிவிட்டு
ஓடத் தொடங்கியது.