புதன்கிழமை டிக்கெட்

லைம் ரீஜிஸிலிருந்து சீட்டனுக்கு
என் பஸ்ஸில் இருபத்தைந்து நிமிடம்,
முன்னால் டிராக்டர் ஊர்ந்தால் முப்பது.
பதினோரு வருஷமாக ஓட்டுகிறேன்.
சாலைக்குத் தெற்கே கிடக்கும் காடு
எனக்கு இடப்பக்க ஜன்னலில் ஒரு கறுப்பு விளிம்பு,
அவ்வளவுதான்.

ஏவ்ரில் புதன்கிழமைக்காரி.
காலையில் லைமில் ஏறுவாள், துடைத்த பூட்ஸோடு.
நாலு மணிக்குச் சீட்டனில் ஏறுவாள், முழங்கால்வரை சேறோடு.
இருக்கை அழுக்காகும் என்று
கம்பியைப் பிடித்து நின்றபடியே வருவாள்.
அப்படி என்னதான் இருக்கிறது உள்ளே, என்று கேட்டேன்.
லீவு போடு டென்சில், என்றாள்.

போட்டேன்.

கோல்ஃப் மைதானம் தாண்டியதும் ஒரு பலகை:
இனி நான்கு மணி நேர நடை.
இடையில் கடலுக்கு இறங்கவும் வழியில்லை,
மேலே ஏறி வெளியேறவும் வழியில்லை.
ஸ்டாப்பே இல்லாத ரூட், என்று சிரித்தேன்.
சிரிப்பு அரை மணி தாங்கியது.

பிறகு படிகள்.
மண்ணில் பதித்த கட்டைகள்,
ஒன்று கணுக்கால் உயரம், அடுத்தது தொடை உயரம்.
ஏறியது இறங்குவதற்கு,
இறங்கியது மறுபடி ஏறுவதற்கு.
ஐவி ஏறிய மரங்களில்
எது மரம் எது ஐவி என்று தெரியவில்லை.
பெரணிகள் நாக்கை நீட்டின, என்னைப் பார்த்துத்தான்.
காட்டுப்பூண்டு வெள்ளையாய்ப் பூத்த சரிவில்
கை ஊன்றி எழுந்தேன்;
சாயங்காலம்வரை கையில் அந்த வாசம்.

கடல் எங்கே என்றேன்.
கேட்கிறதே, என்றாள்.
கேட்டது.
பக்கத்து வீட்டில் ஆள் தெரியாமல்
மேஜை நாற்காலியை யாரோ நகர்த்துவதுபோல,
வலப்பக்கம், இலைகளுக்குப் பின்னால்,
மூன்று மணி நேரமும்.

இந்த நிலம் முழுக்க
மேலேயிருந்து சரிந்து வந்தது என்றாள்.
ஒரு கிறிஸ்துமஸ் இரவில்
விதைத்த கோதுமை வயலே கழன்று
அப்படியே போய் உட்கார்ந்ததாம்.
அடுத்த கோடையில் வந்து அறுத்தார்களாம்.
யாருக்கு அந்தக் கோதுமை சொந்தம் என்று கேட்டேன்.
நிலத்துக்காரனுக்குத்தான், வேறு யாருக்கு, என்றாள்.
பஸ்காரன் கேள்வி.

பாதி வழியில்
ஒரு ஆஷ் மரம் குறுக்கே விழுந்து கிடந்தது.
ஏவ்ரில் நின்றாள்.
தண்ணீர் குடித்தாள், பாட்டிலை மூடினாள், திறந்தாள்.
நான் இதுக்கு அந்தப் பக்கம் போனதில்லை, என்றாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால்
அந்தப் பக்கத்தில்தான் கணுக்கால் முறிந்ததாம்.
தனியாக, மழையில்,
இருட்டும்வரை யாரும் வரவில்லையாம்.
அதற்கப்புறம் ஒவ்வொரு புதனும்
இந்த மரம்வரை. தொட்டுவிட்டுத் திரும்புதல்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.
லைமில் ஏறுகிறவள்,
காடு வழியாக லைமுக்கே நடந்து வருகிறவளானால்
ஒரு வழி டிக்கெட் போதுமே.
ஆறு வருஷமாக நானே கிழித்துக் கொடுத்தேன்,
போகவும் வரவும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
மரத்தின்மேல் ஏறியதும்
என் கால்சட்டை பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது.
அவள் சிரித்த சிரிப்பில் புறா ஒன்று பறந்தது.
சிரித்தபடியே காலைத் தூக்கிப் போட்டுத் தாண்டினாள்.

அதன்பின் அவளுக்கும் வழி தெரியாது.
இரண்டு முறை தவறினோம்.
செங்கல் புகைபோக்கி ஒன்று,
சுற்றிலும் காடு, கீழே வீடு இல்லை.
சேறு என் இடது ஷூவை வாங்கிக்கொண்டு
யோசித்துத்தான் திருப்பிக் கொடுத்தது.
ஓரிடத்தில் அவள் மெதுவாக நடந்தாள்,
தரையை மட்டும் பார்த்துக்கொண்டு.
இங்கேதானா என்று நான் கேட்கவில்லை.

காடு சொல்லாமல் கொள்ளாமல் முடிந்தது.
புல்வெளி. அதற்குக் கீழே
மொத்தக் கடலும்,
வளைந்த கல் அலைதாங்கியும்,
ஐஸ்கிரீமுக்கு வரிசையில் நிற்கும் ஜனமும்.

என் பஸ் வந்தது. கிரெவில் ஓட்டினான்.
கிழிந்த கால்சட்டையைப் பார்த்து ஹாரன் அடித்தான்,
தேவைக்கு மேல்.

அடுத்த புதன் காலை, லைமில்,
திரும்பி வரவும் சேர்த்துக் கொடு, என்றாள் ஏவ்ரில்.
நிமிர்ந்து பார்த்தேன்.
மழை வரலாம், என்றாள்.
கிழித்துக் கொடுத்தேன்.
நாலு மணிக்குச் சீட்டன் ஸ்டாப்பில்
யாரும் இல்லை.
இரண்டு நிமிடம் கூடுதலாக நின்றுவிட்டு
எடுத்தேன்.